எட்டு எண்ணங்கள் ஏழு பாவங்களான கதை

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜில் இருந்து தொடங்குது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பியிருந்தார். பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால் சொல்லல. சாரம் இதுதான்: "அண்ணா, நான் எதுவும் செய்யல. ஆனா எண்ணம் வருது. ஜெபம் பண்ணும்போதே வருது. வந்துட்டாலே நான் பாவிதானே? அப்படின்னா செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன?"

அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன. நான் சாமியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஆயிரத்து அறுநூறு வருஷத்து வரலாறு இருக்கு. அது எனக்குத் தெரிஞ்ச ஏரியா.

முதலில் என் கதையைச் சொல்லிடறேன். எனக்கு அப்போ பத்து வயசு. புதுநன்மை வாங்குவதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யணும். எங்களுக்கு மறைக்கல்வி எடுத்தவர் கரும்பலகையில் தலையான பாவங்கள் ஏழையும் எழுதிப்போட்டு, ஒவ்வொண்ணும் எத்தனை தடவைன்னு எண்ணி வச்சுக்கிட்டு வாங்கன்னு சொன்னார். கெட்ட எண்ணம் வந்தாலும் கணக்கில் சேரும், அதுவும் பாவம்தான் என்றார். நானும் எண்ணத் தொடங்கினேன். எண்ணத் தொடங்கினதும் என்ன ஆகும்? எது வரக்கூடாதோ அதுவே வரும். மூணாம் நாள் கணக்கு தப்பிப்போச்சு. கடைசியில் சாமியார் முன்னால் மண்டியிட்டு "பன்னிரண்டு தடவை" என்று ஒரு நம்பரை அடிச்சு விட்டேன். அந்த வாரம் முழுக்க நான் தெரிஞ்சே செய்த ஒரே பாவம் அந்தப் பொய்தான்.

இப்ப கேள்வி. சோதனை வேற, பாவம் வேறன்னு கிறிஸ்தவம் சொல்லுதா, இல்லையா? சொல்லுது. ரொம்பத் தெளிவாகவே சொல்லியிருக்கு. அப்புறம் எப்படி அந்தக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தோம்?

சொல்லில் இருந்தே பார்க்கலாம். தமிழ் பைபிளில் "சோதனை" என்கிற சொல் ரெண்டு வேலை பார்க்குது. ஒருத்தரைப் பரீட்சித்துப் பார்ப்பதும் சோதனை, ஆசை காட்டி இழுப்பதும் சோதனை. மொழிபெயர்த்தவர்களின் அலட்சியம் இல்லை இது. கிரேக்க மூலத்தில் இருக்கும் "பெய்ராஸ்மோஸ்" என்ற சொல்லுக்கும் இந்த ரெண்டு அர்த்தமும் உண்டு. சோதனை என்பது உங்களுக்கு நடக்கிற ஒன்று. கஸ்டம்ஸ்ல பெட்டியைத் திறந்து சோதனை போட்டா, உள்ளே தங்கம் இருக்குன்னு அர்த்தம் இல்லையே.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபம், இயேசு எல்லா விதத்திலும் நம்மைப் போலவே சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் இல்லாதவர் என்கிறது. இதை ஒரு கிறிஸ்தவர் நம்பினால், சோதனையே பாவம் என்று அவரால் சொல்லவே முடியாது. யாக்கோபு நிருபம் இன்னும் ஒரு படி போய் ஒரு குடும்பப் படத்தையே வரையுது: இச்சை கர்ப்பம் தரிக்குது, பாவத்தைப் பெறுது, பாவம் வளர்ந்து மரணத்தைப் பெறுது. நடுவில் கர்ப்பகாலம் என்று ஒன்று இருக்கு, கவனிச்சீங்களா? அந்த இடைவெளியில் என்ன நடக்குதுன்னு ஒரு மனுஷன் உட்கார்ந்து ஆராய்ச்சியே பண்ணினார். அவர் பெயர் எவாக்ரியஸ்.

ஏறத்தாழ 345ல் பொந்து நாட்டில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் கருங்கடல் பக்கம். படிப்பாளி, பேச்சாளி. பெரிய பாசிலின் அறிமுகம், நசியான்சுஸ் ஊர் கிரகோரியின் சிஷ்யர். 381ல் கான்ஸ்டான்டிநோபிளில் திருச்சபையின் மாபெரும் பொதுச்சங்கம் கூடியபோது இவர் அந்த ஊரில் திருத்தொண்டர். விவாத மேடையில் நட்சத்திரம். இன்னைக்கா இருந்தா யூடியூப்பில் இவர் டிபேட் வீடியோக்கள்தான் ஓடிக்கிட்டு இருக்கும்.

அந்த உச்சியில் இருக்கும்போது ஒரு பெண்மீது ஆசை வந்தது. பெரிய இடத்துப் பெண், இன்னொருவர் மனைவி. அந்தப் பெண்ணுக்கும் இவர்மேல் ஆசை. இதை நமக்குச் சொல்வது வதந்தி எழுதியவர் இல்லை, எவாக்ரியஸின் சிஷ்யர் பல்லாடியஸ். எதுவும் நடக்கவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். ஆனால் எவாக்ரியஸால் அந்த ஊரை விட்டு விலக முடியவில்லை. மனசு கிளம்புன்னு சொல்லுது, கால் நகரல.

ஒரு ராத்திரி கனவு. காவலர்கள் மாதிரி வந்தவர்கள் இவரைப் பிடித்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, சங்கிலி போட்டு நிறுத்துகிறார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. இவருக்கு மட்டும் எதற்கென்று தெரியும். அப்போது நண்பர் உருவில் ஒருவர் வந்து, இந்த ஊரை விட்டுப் போய்விடு என்று நற்செய்திப் புத்தகத்தின் மீது சத்தியம் வாங்குகிறார். இவரும் கொடுக்கிறார். விழிப்பு வந்ததும் இவர் யோசித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கனவில் செய்த சத்தியம்தான், ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே. சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு எருசலேமுக்குக் கிளம்பிட்டார்.

அங்கே போயும் உடனே திருந்திடல. திரும்பவும் நல்ல உடுப்பு, பழைய பந்தா. அப்புறம் ஆறு மாசம் விடாத காய்ச்சல். ஒலிவமலையில் மடம் நடத்திக்கொண்டிருந்த மெலானியா என்ற ரோமானிய அம்மா, எந்த மருத்துவருக்கும் பிடிபடாத அந்த வியாதிக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கணும்னு பிடிச்சுட்டாங்க. எல்லாவற்றையும் கேட்டு, துறவியாகப் போகிறேன் என்று வாக்கும் வாங்கினாங்க. அப்படித்தான் எவாக்ரியஸ் 383 வாக்கில் எகிப்துக்குப் போனார். நித்ரியாவில் ரெண்டு வருஷம், பிறகு அதைவிட உள்ளே, கெல்லியா என்ற பாலைவனக் குடியிருப்பில் பதினாலு வருஷம். கெல்லியா என்றால் அறைகள் என்றுதான் அர்த்தம். ஒருவர் ஜெபிக்கும் சத்தம் இன்னொருவருக்குக் கேட்காத தூரத்தில் தனித்தனி அறைகள். வாரக் கடைசியில்தான் எல்லோரும் கோயிலில் சந்திப்பாங்க. புத்தகம் படியெடுக்கும் வேலை செய்து எவாக்ரியஸ் வயிற்றைக் கழுவினார்.

அந்தப் பெண் ஒரு கடல் தாண்டி இருக்காங்க. ஆனா எண்ணம்? அது கப்பல் டிக்கெட் இல்லாமலேயே வந்துடுச்சு. பல்லாடியஸ் சொல்கிறார், ஒரு குளிர்காலத்தில் உடல் இச்சை தாங்க முடியாமல் எவாக்ரியஸ் ராத்திரி முழுக்க வெற்றுடம்போடு கிணற்றுத் தண்ணீரில் நின்றார், உடம்பு விறைத்துப்போகும் வரைக்கும்.

இப்படிப்பட்ட ஒருத்தர் தனக்குள்ளே வருவதை எல்லாம் நோட்டம் விட்டு வகைப்படுத்தினார். எட்டு வகை. போஜனப்பிரியம், காமம், பணத்தாசை, துக்கம், கோபம், "அகேடியா" (இதற்கு அப்புறம் வர்றேன்), வீண்பெருமை, அகங்காரம். இந்த எட்டுக்கும் அவர் வைத்த பொதுப்பெயர் பாவம் இல்லை. தீய குணம்கூட இல்லை. "லொகிஸ்மோய்". எண்ணங்கள். அவ்வளவுதான்.

அந்த எண்ணங்களை அவர் விவரிக்கிறதைப் படிச்சா, நம்ம போனை எட்டிப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கும். போஜனப்பிரியம்னா நாம பிரியாணி கனவுன்னு நினைப்போம். அவர் சொல்வது வேற: நோன்பு இருக்கும் துறவிக்கு, இப்படியே போனா குடல் கெட்டுடுமே, கல்லீரல் என்னத்துக்கு ஆகும், பக்கத்துல டாக்டர்கூட இல்லையேன்னு எண்ணம் வரும். கூகுளில் நோய் அறிகுறி தேடுகிற அதே மனசு. பணத்தாசை எப்படி வரும்? தங்கக் காசு உருவத்தில் வராது. வயசாயிடும், கை வேலைக்கு உதவாது, பஞ்சம் வரும், வியாதி வரும், அடுத்தவனிடம் கை நீட்டும் அவமானம் வரும் என்ற பயமாக வரும். வீண்பெருமை இன்னும் நாசூக்கு. அறையில் தனியாக இருக்கிறவருக்கு, தான் நோயாளிகளைக் குணப்படுத்துவதாகவும், வாசலில் கூட்டம் நின்று தன் உடுப்பைத் தொட முண்டியடிப்பதாகவும் படம் ஓடும். ஃபாலோயர் ஒருத்தர்கூட இல்லாத இடத்தில் வரும் ஃபாலோயர் கனவு.

அகேடியாவுக்கு நேர்த் தமிழ்ச் சொல் இல்லை. சோம்பல்னு மொழிபெயர்த்தா பாதி போயிடும். எட்டிலும் இதுதான் ரொம்பக் கனமானது என்கிறார் எவாக்ரியஸ். காலை பத்து மணி வாக்கில் ஆரம்பித்து மதியம் ரெண்டு வரைக்கும் பிடிக்கும். சூரியன் நகரவே மாட்டேங்குது, பகல் ஐம்பது மணி நேரம் ஆன மாதிரி இருக்கு. சாப்பாட்டு நேரம் வந்துடுச்சான்னு அறைக்கு வெளியே போய் சூரியனைப் பார்ப்பார். யாராவது சகோதரர் இந்தப் பக்கம் வர்றாரான்னு எட்டிப் பார்ப்பார். அப்புறம் இந்த இடமே பிடிக்காது, இந்த வேலையே பிடிக்காது, இங்கே அன்பு காட்ட ஒருத்தரும் இல்லை, வேற ஊருக்குப் போனா இதைவிட ஈஸியா பிழைக்கலாமே, கடவுள் எங்கேயும்தானே இருக்கார் என்று தோணும். வீட்டு ஞாபகம் வரும். ஆயுசு எவ்வளவு நீளம்னு கண்முன்னே விரியும். ஐடி பார்க்கில் மதியம் லின்க்டின் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இந்தப் பத்தியை அனுப்பலாம்.

சரி, இத்தனையும் வந்தா அந்தத் துறவி பாவியா? இங்கேதான் எவாக்ரியஸ் ஒரு கோடு போடுகிறார். "பிராக்டிகோஸ்" என்று அவர் எழுதிய நூறு சிறு அத்தியாயங்கள் கொண்ட நூலில், எட்டு எண்ணங்களையும் பட்டியல் போட்ட கையோடு சொல்லிடறார்: இவை வந்து தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை. உள்ளே தங்குவதும் தங்காததும், உணர்ச்சியைக் கிளப்பிவிடுவதும் விடாததும்தான் நம் கையில். அதே நூலில் பின்னால் 74, 75 என்று அடுத்தடுத்து ரெண்டு சின்ன அத்தியாயங்கள். ஒன்று, சோதனை என்றால் என்ன: மனதின் உணர்ச்சிப் பகுதி வழியாக எழுந்து வந்து அறிவை மங்கச் செய்யும் எண்ணம். அடுத்தது, பாவம் என்றால் என்ன: அந்த எண்ணம் நீட்டும் தகாத இன்பத்துக்குச் சம்மதிப்பது. பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்கள், நடுவில் ஒரு சுவர்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கு. இடம் கொடுப்பது. "மனசு இடம் கொடுக்கலை"ன்னு சொல்றோமே, அதேதான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழி கெல்லியா துறவிகளுக்காகவே பிறந்த மாதிரி இருக்கு. கதவைத் தட்டினவன்மேல் வழக்கு இல்லை. தட்டின சத்தம் கேட்டதுக்காக வீட்டுக்காரன் மேலும் வழக்கு இல்லை.

இது எவாக்ரியஸின் தனிக் கண்டுபிடிப்பும் இல்லை. அதே பாலைவனத்துப் பெரியவர் பொய்மனைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒரு சகோதரர் வந்து, எனக்கு எண்ணங்கள் நிறைய வருது, ஆபத்தில் இருக்கேன் என்று அழுதார். பொய்மன் அவரை வெளியே கூட்டிட்டுப் போய், மேலாடையை விரித்து இந்தக் காற்றைப் பிடி என்றார். முடியாதே என்றார் அவர். இது முடியாதுன்னா எண்ணம் வராமல் தடுப்பதும் முடியாது, அதற்கு எதிராக நிற்பதுதான் உன் வேலை என்று அனுப்பிவைத்தார். ராத்திரி ரெண்டு மணி வாய்ஸ் மெசேஜுக்கு நாலாம் நூற்றாண்டு ரிப்ளை.

இப்ப அந்த எட்டு எப்படி ஏழாச்சு? எகிப்தில் எவாக்ரியஸின் வட்டத்தில் பழகியவர் ஜான் காசியன். பின்னாளில் இன்றைய பிரான்சின் மார்சேய் பக்கம் போய், 415 வாக்கில் மடங்கள் தொடங்கினார். எட்டையும் லத்தீனில் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகமே ஒதுக்கி. எவாக்ரியஸின் பெயரை ஓர் இடத்தில்கூடச் சொல்லல. அந்த நேரத்தில் அந்தப் பெயர் வம்பு பிடித்த பெயர். எண்ணங்களுக்குக் காசியன் போட்ட லத்தீன் சொல் "வீட்டியா". அதாவது தீய குணங்கள், குறைகள். வந்து போகும் எண்ணம், ஆளிடம் ஒட்டியிருக்கும் குணமாகிடுச்சு. ஒரு சொல்தான். ஆனா அந்த இடத்தில்தான் முதல் நகர்வு.

அடுத்தவர் பெரிய கிரகோரி. ரோம் நகரத்தின் நிர்வாகியாக இருந்து, துறவியாகி, 590ல் திருத்தந்தை ஆனவர். யோபு புத்தகத்துக்கு அவர் எழுதிய பிரமாண்டமான உரையில் பட்டியலைத் திருத்தினார். அகங்காரத்தை வரிசையில் இருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் ராணியாக உட்கார வைத்தார். அகேடியாவைத் துக்கத்துக்குள் அடைத்தார். பொறாமையைப் புதுசா சேர்த்தார். ஏழு தளபதிகள், ஒவ்வொருவருக்குப் பின்னும் ஒரு படை. பின்னால் வந்தவர்கள் துக்கத்தை எடுத்துட்டுச் சோம்பலைப் போட்டார்கள், அகங்காரத்தை மறுபடி வரிசைக்குள் இழுத்தார்கள். நாம இன்னைக்குச் சொல்லும் ஏழு அப்படி வந்ததுதான்.

கிரகோரியை வில்லனாக்க நான் தயாரில்லை. சோதனைக்கும் பாவத்துக்கும் நடுவில் இருக்கும் படிகள் அவருக்கு நல்லாவே தெரியும். அவருக்கு இருநூறு வருஷம் முன்னால் அகுஸ்தீன் மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் மூணு படி சொல்லியிருந்தார்: தூண்டுதல், இன்பம், சம்மதம். ஏதேன் தோட்டத்தில் பாம்பு, ஏவாள், ஆதாம் மாதிரி. கிரகோரி அதையே எடுத்து, இயேசுவுக்கு வந்த சோதனை முதல் படியோடு வெளியிலேயே நின்றுவிட்டது என்று பிரசங்கம் வைத்தார். கோடு அழியல. ஆனா பட்டியல் வேகமாகப் பயணம் போகும், விளக்கம் மெதுவாத்தான் நடந்து வரும். பிரச்னை அதான்.

1215ல் நாலாம் லாத்தரன் சங்கம், விவரம் தெரியும் வயசு வந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தே ஆகணும்னு சட்டம் போட்டது. திடீர்னு ஐரோப்பா முழுக்க கிராமத்துச் சாமியார்களுக்கு ஒரு கையேடு தேவைப்பட்டது. எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது? கையில் ஏழு இருந்தது. மடத்தில் தனியாக இருப்பவர் தன்னைத் தானே கவனிக்க எழுதிய வரைபடம், வரிசையில் நிற்கும் ஆளிடம் கேட்கும் கேள்வித்தாள் ஆனது. எண்ணத்தை எண்ணிக்கையாக்கியது அந்தக் கேள்வித்தாள்தான்னு நான் நினைக்கிறேன். என் பன்னிரண்டு அங்கிருந்து வந்தது.

ஒரு சின்ன விஷயம், தமிழுக்கு மார்க் போடணும். ஆங்கிலத்தில் இதைக் கொல்லும் பாவங்கள் என்கிறார்கள். 1995ல் வந்த "செவன்" படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மண்டையில் பதிஞ்சிருக்கும். ஆனா லத்தீனில் பழைய பெயர் தலை என்ற சொல்லில் இருந்து வந்தது. ஊற்றுத்தலை, மற்ற எல்லாம் கிளம்பும் இடம். நம்ம பழைய ஞானோபதேசத்தில் இருக்கும் "தலையான பாவங்கள்" அந்த அர்த்தத்தை அப்படியே பிடிச்சு வச்சிருக்கு.

இதுவரைக்கும் கேட்டுட்டு, அப்ப எண்ணத்தில் என்ன வேணா ஓட்டலாமா, கை வைக்காட்டி சரியான்னு யாராவது கேட்கலாம். மலைப்பொழிவில் இச்சையோடு பார்ப்பதே இருதயத்தில் விபசாரம்னு இருக்கே? அகுஸ்தீன் இதை நேராகவே எடுக்கிறார். ஆசை கிளர்ந்த எல்லாரையும் அந்த வசனம் சொல்லல, ஆசைப்படுவதற்காகவே பார்க்கிறவரைச் சொல்லுது என்கிறார். கண்ணில் பட்டது வேற, ரெண்டாவது தடவை திரும்பினது வேற. சம்மதம் மனசுக்குள்ளேயே முடிஞ்சுடும், கை கால் தேவையில்லை. எவாக்ரியஸின் 75ஆம் அத்தியாயமும் அதைத்தான் சொல்லுது. ஆக இது சலுகை இல்லை. கோடு வெளியே இல்லை, உள்ளே இருக்கு. அவ்வளவுதான்.

இதில் உண்மையான சண்டையும் உண்டு. சம்மதத்துக்கு முன்னாடி, நமக்குள்ளே இருக்கும் அந்தச் சாய்வு, இச்சை, அதுவே பாவமா? 1530ல் லூத்தரன்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் ஆமாம், பிறவியோடு வரும் அந்த இச்சை உண்மையிலேயே பாவம்தான் என்றார்கள். 1546ல் திரெந்து சங்கத்தில் கத்தோலிக்கர்கள் இல்லை, ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அது இருக்கும், போராடுவதற்காக இருக்கும், பாவத்தில் இருந்து வருது, பாவத்துக்கு இழுக்குது, ஆனா சம்மதிக்காதவருக்குக் கேடு செய்யாது என்றார்கள். நம்ம கடற்கரையில் ரெண்டு போதனையும் வந்து இறங்கியிருக்கு. 1542ல் சவேரியார் வந்தார், 1706ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறங்கினார். தெருவுக்குத் தெரு பதில் மாறலாம். ஆனால் லூத்தரும், தலைக்கு மேலே பறவை பறப்பதைத் தடுக்க முடியாது, தலைமுடியில் கூடு கட்டாமல் பார்த்துக்கலாம் என்ற ஒரு பழைய துறவியின் பேச்சை 1519லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். பாலைவனத்துக்காரர்களை யாராலும் முழுசா விட முடியல. என் கருத்தைக் கேட்டா, இறையியலாக லூத்தரன் வாதம் ஆழமானது. மனுஷனுக்குள்ள இருக்கும் கோணலை அது குறைச்சுச் சொல்லலை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனுக்குச் சொல்ல நான் எடுத்துக்கொள்வது திரெந்து சொன்னதைத்தான்.

கோடு தெரியாமல் போனா என்ன ஆகும் என்பதற்கு இனிகோ என்ற படைவீரர் சாட்சி. பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார்தான் அவர். 1522ல் மொன்செராத் மலையில் தன் வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதி வைத்து மூணு நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். பக்கத்து ஊரான மன்ரேசாவுக்குப் போனதும் சந்தேகம். இதைச் சொன்னேனா, அதைச் சரியாச் சொன்னேனா? திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னார். சாமியார், ரொம்பத் தெளிவா இருந்தால் ஒழிய பழசை எடுக்காதே என்றார். இவருக்கோ எல்லாமே ரொம்பத் தெளிவாத்தான் இருந்துச்சு! கடைசியில், தங்கியிருந்த அறையில் இருந்த பெரிய துவாரத்தில் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரைக்கும் போனது. ஒரு நாள், இனிமேல் பழைய பாவத்தைச் சொல்லப் போவதே இல்லைன்னு முடிவெடுத்தார். அங்கிருந்துதான் மீண்டார். இந்த மனநிலையை இன்றைய மருத்துவர்கள் ஓசிடியின் ஒரு வகையாகவும் பார்க்கிறார்கள். யாருக்காவது இது தன் கதை மாதிரி இருந்தா, தயவுசெய்து ஒரு டாக்டரிடமும் பேசுங்க, சாமியாரிடம் மட்டும் இல்லாமல்.

அதே இஞ்ஞாசியார் பிறகு எழுதிய "ஆன்மீகப் பயிற்சிகள்" நூலில் ஒரு கணக்கு போடுகிறார். கெட்ட எண்ணம் வெளியில் இருந்து வருது, நான் உடனே எதிர்க்கிறேன், அது தோற்றுப் போகுது: இது புண்ணியம். அது திரும்பத் திரும்ப வருது, நான் திரும்பத் திரும்ப எதிர்க்கிறேன்: இது அதைவிடப் பெரிய புண்ணியம். எத்தனை தடவை வந்ததுன்னு கேட்ட அந்தக் கரும்பலகைக் கணக்கை நேர்மாறாகத் திருப்பிட்டார், பார்த்தீங்களா? பத்து வயசில் யாராவது இதைச் சொல்லியிருந்தா, நான் பன்னிரண்டைப் பெருமையோட சொல்லியிருப்பேன்.

தம்பி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். செஞ்சா என்ன, செய்யாட்டி என்னன்னு கேட்டீங்க. எண்ணமே பாவம்னு சொல்லிக்கொடுத்தா அந்த முடிவுக்குத்தான் யாரும் வருவாங்க. ஏற்கெனவே தோத்தாச்சுன்னு நினைக்கிறவன் எதுக்கு ஆடணும்? நீங்க அனுப்பினதில் ஒரு விஷயம் உங்களுக்கே கேட்டிருக்காது. "நான் எதுவும் செய்யல"ன்னு முதல் வரியிலேயே சொல்லியிருக்கீங்க.

எவாக்ரியஸ் 399ல், திருக்காட்சித் திருநாள் நேரத்தில் இறந்தார். வயசு ஐம்பத்துநாலு, வயிறு முழுக்கக் கெட்டுப் போயிருந்தது. அவர் செத்த கொஞ்ச காலத்திலேயே அலெக்சாந்திரியா ஆயர் அவருடைய நண்பர்களை எகிப்தை விட்டே துரத்தினார். ஆன்மாக்களின் தொடக்கம் பற்றி அவர் சொன்ன சில கருத்துகளுக்காக, 553ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தை ஒட்டி, ஆரிஜெனோடு சேர்த்து அவர் போதனைகளும் கண்டிக்கப்பட்டன. ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் கிரேக்கத்தில் நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில்தான் பிழைத்துக் கிடந்தது. வேறு சில, சிரியாக் மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும் ஒளிந்திருந்து இன்றைக்கு நமக்கு வந்திருக்கு.

சாகும் தறுவாயில் அவர் சொன்னதைப் பல்லாடியஸ் குறிச்சு வச்சிருக்கார். உடல் இச்சை என்னைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது இது மூணாவது வருஷம் என்றாராம். பாலைவனத்தில் அவர் இருந்தது பதினாறு வருஷம். கழிச்சுப் பாருங்க. பதிமூணு வருஷம் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு.